தெரிந்தெடுக்காத பள்ளி: இங்கிலாந்தின் பொதுப்பள்ளி முறை – ஒரு வரலாற்று மதிப்பீடு

ஒரு பிள்ளை எவ்வகைக் கல்விக்குத் தகுதியுடையது என்பதை யார், எந்த வயதில், எந்த அளவுகோலைக் கொண்டு தீர்மானிப்பது? இரண்டாம் உலகப்போருக்குப் பின் இங்கிலாந்து நாட்டைப் பல ஆண்டுகள் அலைக்கழித்த வினா இது. பதினொரு வயதில் ஒரு தேர்வு நடத்திப் பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்தனுப்புவதே நீதி என அந்நாடு முதலில் எண்ணியது. ஒரு தலைமுறை கடந்து செல்வதற்குள் அவ்வெண்ணத்தைப் பெரும்பாலும் கைவிட்டு, ஒரு வட்டாரத்தின் பிள்ளைகள் அனைவரையும் தேர்வின்றி ஏற்கும் பள்ளிகளை நிறுவியது. ஆங்கிலத்தில் காம்ப்ரிஹென்சிவ் பள்ளி என வழங்கும் இதனை இக்கட்டுரையில் பொதுப்பள்ளி எனக் குறிப்போம். (அந்நாட்டில் ‘பப்ளிக் ஸ்கூல்’ எனப்படுபவை ஈட்டன், ஹாரோ போன்ற, பெருங்கட்டணம் பெறும் தனியார் பள்ளிகளாம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.)

இவ்வரலாறு கல்வித்துறையினருக்கு மட்டும் உரியதன்று. இதன் தொடக்கத்தில் ஒரு தலைமைப் பேராயர் நிற்கிறார். இதன் இடையிலும் முடிவிலும் திருச்சபைப் பள்ளிகள் நிற்கின்றன. நம் சபைகளும் பள்ளிகளை நடத்தி வருகின்றன. நம் போதகர் பலர் தாளாளர் பொறுப்பையும் ஏற்றிருக்கின்றனர். ‘எங்கள் பள்ளியில் யாருக்கு இடம்?’ என்னும் வினா ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் மேசைமீது வந்து நிற்கிறது. ஆதலின், தெரிந்தெடுக்காத இடைநிலைக் கல்வியின் நிறைகளையும் குறைகளையும் அது பிறந்த மண்ணிலேயே வைத்துச் சீர்தூக்கிப் பார்ப்பது நமக்குப் பயனுடையதாகும்.

1. சட்டத்துக்கு முந்திய நிலை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்வி என்பது தொடக்கக் கல்வியோடு முடிந்தது. அதற்கு மேற்பட்ட கல்வி கிராமர் பள்ளிகளில் கிடைத்தது. இலத்தீன் இலக்கணம் கற்பிப்பதற்கென முற்காலத்தில் அறக்கொடையால் நிறுவப்பெற்றமையால் இவற்றுக்கு இப்பெயர் ஏற்பட்டது. கட்டணம் செலுத்த வல்லவரின் மக்களே இவற்றில் மிகுதியாகப் பயின்றனர். அரசின் மானியம் பெறும் இடைநிலைப் பள்ளிகள் தம் இடங்களில் நூற்றுக்கு 25ஐத் தொடக்கப்பள்ளி மாணவருக்குக் கட்டணமின்றி அளிக்க வேண்டும் என 1907ஆம் ஆண்டு விதி செய்யப்பட்டது. ஏழைப் பிள்ளைக்கு ஓர் ஏணி கிடைத்தது உண்மையே. ஆயின் அவ்வேணியில் ஏறியோர் சிலர். கீழே நின்றோர் பலர்.

‘அனைவருக்கும் இடைநிலைக் கல்வி’ என்னும் கோரிக்கையை 1922இல் நூல் வடிவில் முன்வைத்தவர் ஆர். எச். டானி என்னும் பொருளியல் வரலாற்றறிஞர். இவர் கல்கத்தாவில் 1880இல் பிறந்தவர். ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்த ஆழ்ந்த விசுவாசி. கடவுளுக்குமுன் மாந்தர் யாவரும் சமம் என்னும் நம்பிக்கையே இவருடைய சமத்துவக் கொள்கைக்கு ஊற்றாயிருந்தது. ரக்பி பள்ளியில் இவரோடு பயின்று வாழ்நாள் நண்பராயிருந்தவர் வில்லியம் டெம்பிள். பின்னாளில் கான்டர்பரித் தலைமைப் பேராயராய் உயர்ந்த டெம்பிள், 1908 முதல் 1924 வரை தொழிலாளர் கல்விச் சங்கத்தின் தலைவராய்ப் பணியாற்றினார். இறையியல் மாணவர் டெம்பிளின் நூல்களை அறிவர். அவர் தொழிலாளரின் கல்விக்காக உழைத்த ஆண்டுகளை அவ்வளவாக அறியார்.

1926ஆம் ஆண்டு ஹாடோ குழு, பதினொரு வயதில் தொடக்கக் கல்வியை நிறைவுசெய்து பிள்ளைகள் யாவரும் ஏதேனும் ஒரு வகை இடைநிலைக் கல்விக்குச் செல்ல வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பதினொரு வயது என்னும் எல்லைக்கோடு இவ்வாறு வரையப்பட்டது. 1943இல் நார்வுட் குழு ஒருபடி மேற்சென்று, மாணவரின் மனப்பாங்கு மூவகைப்படும் என்றது. அறிவை அறிவுக்காகவே நாடுவோர், தொழில்நுட்பத்தில் நாட்டமுடையோர், கருத்துகளைவிடக் கைக்கெட்டும் பொருள்களை எளிதிற் கையாளுவோர் என்பன அம்மூவகை. இறைவன் பிள்ளைகளை மூன்று அச்சுகளில் வார்த்தனுப்பினார் போலும் என்று நாம் இன்று வியக்கிறோம். அன்றோ அறிஞர் பலருக்கு இது அறிவியல் உண்மையாகவே தோன்றியது.

2. 1944ஆம் ஆண்டுச் சட்டமும் திருச்சபைகளும்

போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே புதிய கல்விச் சட்டத்தை உருவாக்கியவர் ஆர். ஏ. பட்லர். இவரும் அன்றைய இந்தியாவில், அட்டக் என்னும் ஊரில் பிறந்தவர். இவர்முன் இருந்த பெருந்தடை திருச்சபைகளின் பூசலாகும். நாட்டுப்புறங்களில் பள்ளிகள் பல ஆங்கிலிக்கன் சபைக்குச் சொந்தமாயிருந்தன. ஊரில் வேறு பள்ளி இல்லாமையால் மெதடிஸ்டு, பாப்டிஸ்டு பிள்ளைகளும் அவற்றிலேயே பயில நேர்ந்தது. சுயாதீன சபையார் இதனை நெடுநாள் மனக்குறையாகக் கொண்டிருந்தனர். சபைப் பள்ளிகளின் கட்டடங்களோ பழுதுற்றுக் கிடந்தன. அவற்றின் நிலையைப் பட்லர் 1942இல் டெம்பிளிடம் எடுத்துரைத்தபோது, பழைய உரிமைகளைப் பற்றிக்கொண்டு நிற்பதினும் பிள்ளைகளின் நலனே பெரிது எனப் பேராயர் உணர்ந்தார்.

இதன் விளைவாகச் சபைப் பள்ளிகள் இரு வகையாயின. கட்டடச் செலவில் பாதியை ஏற்கும் சபை, தன் பள்ளியின் நிருவாகத்திலும் சமய போதனையிலும் பெரும்பான்மை அதிகாரத்தைத் தக்கவைத்துக்கொண்டது. இவை உதவி பெறும் பள்ளிகள். செலவு முழுவதையும் வட்டாரக் கல்வி ஆட்சிக்குழுவிடம் விட்ட பள்ளிகள், பல சபையாரும் ஒப்பிய பாடத்திட்டத்தை ஏற்றன. இவை கட்டுப்பாட்டுப் பள்ளிகள். நாள்தோறும் பள்ளியில் இறைவழிபாடு நடைபெற வேண்டும் என்பதும் சட்டமாயிற்று. அரசின் பள்ளிகளில் இடைநிலைக் கல்விக்குரிய கட்டணம் ஒழிந்தது. பள்ளியை விட்டு நீங்கும் வயது 1947இல் 15 ஆக உயர்ந்தது. சட்டம் நிறைவேறிய 1944ஆம் ஆண்டு அக்டோபரில் டெம்பிள் இறைவனடி சேர்ந்தார்.

ஒன்றை இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும். மூவகைப் பள்ளிகள் வேண்டும் என அச்சட்டம் எங்கும் கூறவில்லை. பிள்ளையின் வயதுக்கும் திறனுக்கும் நாட்டத்துக்கும் ஏற்ற கல்வி அளிக்க வேண்டும் என்றே கூறியது. கிராமர் பள்ளி, தொழில்நுட்பப் பள்ளி, ‘மாடர்ன்’ எனப்பட்ட நவீன இடைநிலைப் பள்ளி என்னும் முப்பிரிவை வகுத்தவை அமைச்சகத்தின் வழிகாட்டுதல்களே. தொழிற்கட்சி அமைச்சராய் விளங்கிய எலன் வில்கின்சன் அம்மையாரும் அதனையே மேற்கொண்டார். அவரே எளிய குடும்பத்தில் பிறந்து உதவித்தொகையால் படித்து உயர்ந்தவர். தமக்குக் கிடைத்த ஏணி எல்லா ஊரிலும் நாட்டப்படுவதையே அவர் விரும்பினார்.

3. பதினொரு வயதில் ஒரு தீர்ப்பு

நடைமுறையில் தொழில்நுட்பப் பள்ளிகள் மிகச் சிலவே எழுந்தன. ஆகவே முப்பிரிவு இருபிரிவாயிற்று. பதினொரு வயதுத் தேர்வில் வென்றோர் கிராமர் பள்ளிக்கும், ஏனையோர் மாடர்ன் பள்ளிக்கும் சென்றனர். நாடு முழுவதும் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே கிராமர் பள்ளியில் இடம் கிடைத்தது. அதுவும் எங்கும் ஒரே அளவினதன்று. சில வட்டாரங்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், வேல்ஸ் நாட்டின் சில மாவட்டங்களில் நாற்பதுக்கு மேற்பட்டோருக்கும் இடமிருந்தது. ஒரே மதிப்பெண் பெற்ற பிள்ளை ஓரூரில் அறிவாளியாகவும் அடுத்த ஊரில் தோல்வியுற்றவனாகவும் எண்ணப்பட்டான். அவ்வயதில் சிறுமியர் சிறுவரை விஞ்சும் இயல்பினராகையால், பல வட்டாரங்களில் சிறுவர்க்குத் தேர்ச்சி மதிப்பெண் குறைத்து வைக்கப்பட்டது. தகுதியே அளவுகோல் எனப் பறைசாற்றிய முறைமையின் உள்ளேயே தகுதி இவ்வாறு வளைக்கப்பட்டது.

தேர்வின் நடுவே நுண்ணறிவுச் சோதனை நின்றது. அறிவுத்திறன் பெரிதும் பிறவியில் அமைவது, அதனை இளமையிலேயே அளந்துவிடலாம் என்னும் கொள்கைக்குச் சிரில் பர்ட் என்னும் உளவியலறிஞர் பெருந்தூணாக இருந்தார். 1971இல் அவர் மறைந்தபின், அவருடைய இரட்டையர் ஆய்வுகளின் எண்கள் நம்பத்தக்கவையல்ல என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. 1979இல் அவர் வரலாற்றை எழுதிய ஹெர்ன்ஷா என்பாரும் அதனை ஒப்பினார். பின்வந்த சிலர் பர்டுக்காக வாதாடியுள்ளனர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், தேர்வைக் குறித்த ஐயம் அதற்கு முன்னரே எழுந்துவிட்டது. தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் வெளியிட்ட ஆய்வு, எத்துணைக் கவனமாக நடத்தினும் இத்தேர்வினால் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் தவறான பள்ளிக்கு அனுப்பப்படுவர் எனக் காட்டிற்று. மாடர்ன் பள்ளிகளின் தலைமையாசிரியர் சிலர் தம் மாணவரைக் கிராமர் பள்ளி மாணவருக்கென 1951இல் ஏற்பட்ட ‘ஓ’ நிலைத் தேர்வுக்கு அனுப்பினர். அவர்களுள் பலர் வென்றனர். தள்ளப்பட்ட கற்கள் சுவரைத் தாங்கக்கூடியவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வறியவருக்கு ஏணி எனப் போற்றப்பட்ட கிராமர் பள்ளி வறியவருக்கு எவ்வளவு பயன்பட்டது? 1962இல் பிரையன் ஜாக்சன், டெனிஸ் மார்ஸ்டன் என்னும் இருவர், ஹடர்ஸ்ஃபீல்டு என்னும் நெசவுத்தொழில் நகரில் அவ்வாறு உயர்ந்த 88 தொழிலாளர் பிள்ளைகளின் கதையை ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்கள் உயர்ந்தது உண்மை. ஆயின் பலர் தம் வீட்டாருக்கும் தெருவாருக்கும் அந்நியராயினர் என்பதும் உண்மை. இதே காலத்தில், 1958இல், மைக்கேல் யங் எழுதிய ஓர் எள்ளல் நூல் ‘தகுதியாட்சி’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லைப் பரப்பிற்று. பிறப்பினால் தாழ்த்தப்பட்டவன் தன்னை மதிக்க ஒரு வழி உண்டு, தகுதியினால் தாழ்த்தப்பட்டவனுக்கோ அதுவும் இல்லை என்பது அந்நூலின் உட்பொருள். போதகராகிய நாம் இதனை ஊன்றி எண்ண வேண்டும். பதினொரு வயதில் தோற்ற பிள்ளை ஒரு தேர்வில் மட்டும் தோற்கவில்லை. தான் எத்தகையவன் என்பதைப் பற்றிய ஒரு தீர்ப்பை ஊரறியப் பெற்றான்.

4. பொதுப்பள்ளியின் தோற்றமும் பரவலும்

முதற் பொதுப்பள்ளிகள் கொள்கையினால் மட்டும் பிறக்கவில்லை. வசதி கருதியும் பிறந்தன. வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சீ தீவில் பிள்ளைகள் தொகை சிறிது. இருவகைப் பள்ளிகளைத் தனித்தனியே நடத்துவது அங்கு வீண்செலவு. 1953ஆம் ஆண்டுக்குள் அத்தீவு முற்றிலும் பொதுப்பள்ளி முறைக்கு மாறியது. குண்டுவீச்சில் அழிந்த காவென்ட்ரி நகரம் தன் பள்ளிகளைப் புதிதாகக் கட்டும்போது இம்முறையை மேற்கொண்டது. இலண்டனில் 1954இல் கிட்புரூக் என்னுமிடத்தில் ஏறத்தாழ 2,000 மாணவியருக்கான பெரும்பள்ளி திறக்கப்பட்டது. அதனோடு ஒரு கிராமர் பள்ளியை இணைக்கும் திட்டத்தை அன்றைய கன்சர்வேட்டிவ் அமைச்சர் மறுத்துவிட்டார். லெஸ்டர்ஷயர் மாவட்டம் 1957 முதல் இரண்டடுக்கு முறையைச் சோதித்தது. அங்குப் பதினொரு வயதில் யாவரும் ஒரே பள்ளிக்குச் சென்றனர். பதினான்கு வயதில், பதினாறு வரை படிக்க இசைந்தவர் மேற்பள்ளிக்கு மாறினர்.

1965 ஜூலையில் தொழிற்கட்சியின் கல்வியமைச்சர் அந்தோணி கிராஸ்லண்டு 10/65 எனப் பெயர்பெற்ற சுற்றறிக்கையை வெளியிட்டார். பிளிமத் சகோதரர் சபைக் குடும்பத்தில் வளர்ந்து பின்னர் அச்சமயப் பற்றை விட்டு விலகியவர் இவர். வட்டார ஆட்சிக்குழுக்கள் பொதுப்பள்ளித் திட்டங்களை வகுத்தனுப்புமாறு அவ்வறிக்கை வேண்டிக்கொண்டது; கட்டளையிடவில்லை. அவ்வாண்டில் அரசுப் பள்ளி மாணவருள் பத்தில் ஒருவர்கூடப் பொதுப்பள்ளியில் இல்லை. 1970இல் அமைச்சரான மார்கரெட் தாட்சர் அம்மையார் அச்சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றார். எனினும் வேறெந்த அமைச்சரினும் மிகுதியான பொதுப்பள்ளிகளுக்கு அவரே இசைவளிக்க நேர்ந்தது. பெற்றோரின் விருப்பம் அவ்வளவு வலிமையாயிருந்தது. நடுத்தர வகுப்பாரின் பிள்ளைகளும் தேர்வில் தோற்று மாடர்ன் பள்ளிக்குச் செல்ல நேர்ந்ததே இவ்விருப்பத்துக்கு ஒரு முக்கிய காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பொதுப்பள்ளியில் பயின்றனர். ஸ்காத்லாந்தும் வேல்ஸும் இம்முறையை முழுமையாகவே ஏற்றன.

5. நிறைகள்

பொதுப்பள்ளியின் முதல் நிறை, பதினொரு வயதுத் தீர்ப்பை அது நீக்கியதே. இந்நன்மை முதலில் தொடக்கப்பள்ளிக்கே கிட்டியது. தேர்வுக்காகவே கணக்கையும் சொற்புதிரையும் திரும்பத் திரும்பப் பயிற்றும் கட்டாயம் ஒழிந்து, தொடக்கப்பள்ளி ஆசிரியர் பிள்ளைகளின் இயல்புக்கேற்பக் கற்பிக்கும் உரிமை பெற்றார்.

இரண்டாவது, கதவு திறந்தே இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் அறிவு மலரும் பிள்ளைகள் உண்டு. பழைய முறையில் அவர்கள் பள்ளி மாறுவது அரிது. பொதுப்பள்ளியில் வகுப்பு மாறினால் போதும். மொழி, விஞ்ஞானம், இசை, மரவேலை ஆகிய யாவும் ஒரே கூரையின்கீழ் இருந்தமையால், ஒரு பாடத்தில் பின்தங்கியவன் மற்றொன்றில் முன்னிற்கவும் வழியிருந்தது. பள்ளி நீங்கும் வயது 1972இல் 16 ஆக உயர்ந்தபோது, பொதுத்தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறும் வாய்ப்பு முன்னர் அதனைக் கனவிலும் காணாத பிள்ளைகளுக்கும் கிட்டியது.

மூன்றாவது, அறிவுத்தரம் வீழ்ந்துவிடும் என்னும் அச்சம் பெரும்பாலும் மெய்ப்படவில்லை. 1958ஆம் ஆண்டு ஒரு வாரத்தில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த அறிஞர், இரு முறைகளுக்கும் இடையே சராசரி அடைவில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. தேர்வு முறையில் மேல்நிலையில் உள்ளோர் சற்று மிகுதியாகவும் கீழ்நிலையில் உள்ளோர் சற்றுக் குறைவாகவும் பெற்றனர் என்பதே அவர்களுள் பலரின் முடிவு. சிலருக்குக் கூடுதலாகக் கிடைத்தது பலரின் இழப்பால் ஈடுசெய்யப்பட்டது என இதனைச் சுருங்கக் கூறலாம்.

நான்காவது நிறையை எண்களால் அளக்க இயலாது. மருத்துவரின் மகளும் பேருந்து ஓட்டுநரின் மகனும் ஒரே மேசையில் உணவருந்தினர். ஒருவரையொருவர் அறியாது வளரும் சமுதாயம் ஒருவருக்கொருவர் நீதி செய்ய இயலாது. டானியும் டெம்பிளும் விரும்பியது இதுவே எனலாம்.

6. குறைகள்

குறைகளை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. முதலாவது குறை, தெரிந்தெடுத்தல் பள்ளிவாசலை விட்டுப் பள்ளிக்குள்ளே புகுந்தது. பொதுப்பள்ளிகள் பல, மாணவரை முதலாண்டிலேயே மேல், நடு, கீழ் என வகுப்புகளாகப் பிரித்தன. 1969இல் ஜூலியென் ஃபோர்டு அம்மையார் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு பிரிக்கும் பொதுப்பள்ளியில் வகுப்புகளும் நட்புகளும் பெற்றோரின் நிலையையே பின்பற்றுகின்றன எனக் காட்டிற்று. தேர்வும் இரண்டாகவே இருந்தது. மேல்நிலையாருக்கு ‘ஓ’ நிலை. 1965 முதல் அடுத்த நிலையாருக்கு சி.எஸ்.இ.; எஞ்சிய ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேருக்கு எத்தேர்வும் வகுக்கப்படவில்லை. இவ்விரு தேர்வுகளும் 1988இல்தான் ஒன்றாயின. கட்டடம் ஒன்றாகி இருபது ஆண்டுகள் சென்றும் கல்வி ஒன்றாகவில்லை.

இரண்டாவது, ஆயத்தக் குறைவு. பல ஊர்களில் இரண்டு மூன்று பழைய பள்ளிகளை ஒரு பெயரால் இணைத்ததே சீர்திருத்தமாகக் கருதப்பட்டது. கட்டடங்கள் ஒரு கல் தொலைவில் பிரிந்து கிடந்தன. பலதிறப்பட்ட பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கும் பயிற்சி ஆசிரியருக்கு இல்லை. மேல்வகுப்புகளை நடத்தப் போதிய மாணவர் வேண்டும் என்று பள்ளிகளை மிகப் பெரியனவாக்கினர். அவற்றில் சிறுபிள்ளை தன்னை யாரும் பேர்சொல்லி அழைக்காத நாள்களைக் கழித்தது. எனினும், மைக்கேல் ரட்டரும் அவர் குழுவினரும் 1979இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இங்குக் குறிக்க வேண்டும். உள்இலண்டனின் 12 இடைநிலைப் பள்ளிகளை அவர்கள் ஆராய்ந்தனர். ஒரேவகைப் பிள்ளைகளைப் பெற்ற பள்ளிகளும் விளைவில் பெரிதும் வேறுபட்டன. ஆசிரியரின் எதிர்பார்ப்பு, ஒழுங்கு, பாராட்டு, பொறுப்பளித்தல் ஆகியவற்றால் இவ்வேறுபாடு எழுந்தது. முறைமை மட்டும் பள்ளியை ஆக்குவதில்லை.

மூன்றாவது குறை மிகக் கசப்பானது. ‘நேரடி மானியப் பள்ளிகள்’ எனப்பட்ட ஏறத்தாழ 170 சிறந்த பள்ளிகள் அரசின் செலவில் ஏழை மாணவர் பலரையும் ஏற்றுவந்தன. பொதுப்பள்ளி முறையில் சேர வேண்டும், அல்லது மானியத்தை இழக்க வேண்டும் என 1975இல் அரசு கூறியபோது, அவற்றுள் மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்டவை தனியார் பள்ளிகளாகிக் கட்டணத்தை நாடின. சமத்துவத்துக்கென எடுத்த நடவடிக்கை, ஏழைப் பிள்ளைக்குத் திறந்திருந்த ஒரு வாசலை அடைத்துவிட்டது. அரசுமுறையில் சேர்ந்த ஐம்பதளவான பள்ளிகளுள் பெரும்பாலானவை ரோமன் கத்தோலிக்கப் பள்ளிகள் என்பது நம் சிந்தனைக்குரியது. தொழிலாளர் மிகுந்த தம் சபை மக்களை விட்டுப் பிரிவதில்லை என அவை முடிவுசெய்தன.

நான்காவது குறை, தேர்வின் இடத்தை முகவரி பிடித்துக்கொண்டது. பள்ளி தன் வட்டாரப் பிள்ளைகளையே ஏற்குமாயின், நல்ல பள்ளியின் வட்டாரத்தில் வீட்டு விலை ஏறும். பணமுள்ளோர் அங்குக் குடியேறுவர். பதினொரு வயதில் மூளையை அளந்த கோல் போய், தகப்பனின் பணப்பையை அளக்கும் கோல் வந்தது. இதற்கு மாற்றாக பிரைட்டன் நகரம் 2008ஆம் ஆண்டுச் சேர்க்கையில் குலுக்கல் முறையைப் புகுத்தியது.

இக்குறைகளைக் காட்டிக் கிராமர் பள்ளிகளை மீட்க வேண்டும் என்பார் அங்கு உண்டு. 1998ஆம் ஆண்டுச் சட்டம் புதிய தேர்வுப் பள்ளிகளைத் தடைசெய்தபின் இங்கிலாந்தில் 163 கிராமர் பள்ளிகள் எஞ்சியுள்ளன. ஆங்கிலிக்கன் போதகர் ஒருவரின் மகளான தெரசா மே அம்மையார், பிரதமரானபின் 2016இல் அத்தடையை நீக்க முயன்று, 2017ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்குப் பின் அம்முயற்சியைக் கைவிட்டார். அவ்விவாதத்தில் வெளிவந்த ஓர் எண் போதுமானது. இலவச மதிய உணவுக்கு உரிமையுள்ள ஏழைப் பிள்ளைகள் அப்போது கிராமர் பள்ளிகளில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவாயிருந்தனர். ஏனைய அரசு இடைநிலைப் பள்ளிகளிலோ அத்தொகை பன்மடங்கு மிகுதியாயிருந்தது. தனிப்பயிற்சிக்குப் பணம் கொடுக்க இயன்றவர் வீட்டுப் பிள்ளைகளே ஏணியில் ஏறுகின்றனர்.

பொதுப்பள்ளியின் குறைகள் அம்முறைக்கே உரிய பிறவிக் குறைகளா? பின்லாந்து நாட்டின் வரலாறு அவ்வாறன்று எனக் கூறத் தூண்டுகிறது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒன்பதாண்டுப் பொதுப்பள்ளியை ஏற்ற அந்நாடு, 1972இல் வடகோடியாகிய லாப்லாந்தில் தொடங்கி 1977க்குள் தென்பகுதி வரை அதனைப் படிப்படியாக விரித்தது. ஆசிரியர் யாவரும் முதுகலைப் பட்டம் பெறவேண்டுமென 1979இல் விதித்தது. வகுப்பைத் தகுதிப்படி பிரிக்கும் முறையையும் 1985இல் நீக்கியது. 2000ஆம் ஆண்டுப் பன்னாட்டுக் கல்வி மதிப்பீட்டில் வாசிப்பில் முதலிடம் பெற்றது. பின்னாளில் அதன் அடைவு குறைந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து வாசலைத் திறந்தது. பின்லாந்து வாசலைத் திறந்ததோடு உள்ளே நிற்கும் ஆசிரியரையும் ஆயத்தப்படுத்தியது.

7. திருச்சபைப் பள்ளியும் தெரிந்தெடுத்தலும்

இங்கிலாந்தின் திருச்சபைப் பள்ளிகள் இவ்வரலாற்றில் இரு முகங்கொண்டு நிற்கின்றன. ஒருபுறம் ஊர்ப்பிள்ளை அனைவரையும் ஏற்ற பள்ளிகள் பல. மறுபுறம், இடத்துக்குப் போட்டி மிகுந்த சபைப் பள்ளிகளில் ஆலயத்துக்கு ஒழுங்காக வருவதே சேர்க்கைக்கு அளவுகோலாயிற்று. போதகர் கையொப்பமிட்ட சான்றுக்காகப் பெற்றோர் வழிபாட்டுக்கு வந்தனர். பிள்ளைக்கு இடம் கிடைத்தபின் பலர் வரவில்லை. சில பள்ளிகள் பெற்றோரை நேர்முகம் கண்டு தெரிந்தெடுத்தன. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விலக்கியது. 2010க்குப் பின் அரசு செலவில் எழுந்த புதுவகைச் சமயப் பள்ளிகள், போட்டியுள்ளபோது பாதி இடங்களுக்கு மேல் சமய அடிப்படையில் நிரப்பலாகாது என்னும் வரம்பும் விதிக்கப்பட்டது. அருளைப் பறைசாற்றும் சபை, தன் பள்ளிவாசலில் நற்சான்று கேட்டு நிற்கலாமா? இதற்கு விடைகாண அரசின் சட்டம் தேவைப்பட்டது வருந்தத்தக்கது.

நம் நாட்டிலும் இவ்வினா புதிதன்று. 1966இல் அறிக்கை அளித்த கோத்தாரிக் குழு, எல்லா வகுப்பாரும் ஒருங்கே பயிலும் பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. அது பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வுக்குட்படுத்தலாகாது என விதித்தது. சிறுபான்மையினர் பள்ளிகள் அச்சட்டத்துக்குட்பட்டவையல்ல என உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அரசியற்சட்டத்தின் 30ஆம் பிரிவு நமக்களித்த உரிமை அருமையானது. அதனைக் காப்பது நம் கடமை. ஆயின் உரிமை எதற்காக? பிறர் செய்யலாகாத ஒன்றை நாம் செய்வதற்கா, அன்றிப் பிறர் செய்யத் தயங்குவதை நாம் துணிந்து செய்வதற்கா? பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைக் காக்க ஒன்பதாம் வகுப்பிலேயே மெலிந்த மாணவனின் தந்தையை அழைத்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் செல்லுமாறு சொல்லும் பழக்கம், எந்தப் பள்ளியில் நிகழினும், பதினொரு வயதுத் தேர்வின் மறுபிறவியே. அவ்விழுக்காடு வளாகச் சுவரில் பெரிதாக எழுதப்படுகிறது. அம்மாணவன் எங்குச் சென்றான் என்பதை எந்தச் சுவரும் கூறுவதில்லை.

தெரிந்துகொள்ளுதல் என்பது இறையியலில் நமக்கு நன்கு அறிமுகமான சொல். ஆபிரகாம் தெரிந்துகொள்ளப்பட்டது பூமியின் வம்சங்கள் யாவும் ஆசிபெறுவதற்காக. தெரிந்துகொள்ளப்பட்டவர் பிறருக்காகவே தெரிந்துகொள்ளப்பட்டனர். பள்ளிகளின் தெரிந்தெடுத்தல் இதற்கு நேர்மாறாய், தெரிந்தெடுக்கப்பட்டவரைப் பிறரிடமிருந்து பிரித்தது. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்லிடமும் கந்தை அணிந்தவனுக்குப் பாதபடியருகே இடமும் அளிக்கும் சபையைக் கண்டிக்கும் யாக்கோபின் நிருபத்தை நாம் ஞாயிறன்று வாசிக்கிறோம். திங்களன்று பள்ளி அலுவலகத்தில் அதனை மறந்துவிடலாகாது.

இங்கிலாந்தின் வரலாறு நமக்கு ஓர் எளிய தீர்வைத் தரவில்லை. வாசலைத் திறப்பது தொடக்கமே என்பதை அது கற்பிக்கிறது. திறந்த வாசலுக்குள் மெலிந்த பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் இல்லையெனில், நாம் அவனை வெளியே நிறுத்தாமல் உள்ளே நிறுத்தியிருக்கிறோம், அவ்வளவே. வாசலில் தள்ளாத பள்ளி, வகுப்பறையிலும் தள்ளாத பள்ளியாக வேண்டும். நம் பள்ளியின் சிறந்த ஆசிரியர் இன்று எந்த வகுப்பில் நின்று கற்பிக்கிறார் என்பதை அடுத்த நிருவாகக் கூட்டத்தில் கேட்டறிய வேண்டியது நம் கடமையாகும்.